போட் இல்லாத போட் மெயில்

ராமேசுவரம் போகும் ரயிலின் பெயரை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா, நேயர்களே? சென்னை எழும்பூரில் அந்தி சாய்ந்ததும் புறப்பட்டு, திருச்சியைத் தாண்டி, ஊர் அயர்ந்து தூங்கும் நடுநிசிக்கு மேல் புதுக்கோட்டைக்கு வந்து, காரைக்குடி, மானாமதுரை வழியாகப் போய்ப் பாம்பன் கடலைக் கடக்கிறதே, அந்த ரயிலுக்கு 'போட் மெயில்' என்று பெயர். மெயில் இருக்கிறது, சரி. போட் எங்கே?

போட் இல்லை! மீசையை எடுத்து நாற்பது வருஷம் ஆன பிறகும் 'மீசைக்காரர்' என்றே ஊரில் அழைக்கப்படும் பெரியவரைப் போல, அந்த ரயிலும் தன் பழைய பெயரை விடாமல் சுமந்து கொண்டு ஓடுகிறது.

ஒரு காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு ரயில் தனுஷ்கோடி வரையில் போயிற்று. ரயிலை விட்டு இறங்கினால் எதிரே கப்பல். அதில் ஏறி ஏறக்குறையப் பதினெட்டு மைல் போனால் தலைமன்னார். அங்கே கொழும்புக்கு ரயில் காத்திருக்கும். சென்னையில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொண்டு கொழும்பில் போய் இறங்கலாம். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடி ஊரையும், துறையையும், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் வந்து கொண்டிருந்த ஒரு ரயிலையும் விழுங்கி விட்டது. பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

புயல் நிறுத்திய கப்பலை மனிதர்கள் மறுபடியும் ஓட்டி விட்டார்கள். மனிதர்கள் தாங்களே நிறுத்திய கப்பலை ஓட்டுவதற்குத்தான் இத்தனை காலமாகத் திணறுகிறார்கள். அந்தத் திணறலைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச உத்தேசம்.

"இந்தியாவும் இலங்கையும் எப்போது ஐயா பகைத்துக் கொண்டன? தூதர்கள் இருக்கிறார்கள், விமானம் பறக்கிறது, கிரிக்கெட் ஆடுகிறார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உறவு முறிந்தது என்று இரு சர்க்கார்களும் ஒரு நாளும் அறிவித்ததில்லை. ஆனால் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1983-இல் கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். அதன் பிறகு அகதிகள் ஆயிரம் ஆயிரமாக இக்கரைக்கு வந்தார்கள். 1987-இல் இரு தேசங்களுக்கும் ஒப்பந்தம். இந்திய ராணுவம் அங்கே போயிற்று. 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். போர் 2009 மே மாதம் வரையில் நீடித்தது.

அண்டை வீட்டுக்காரர்கள் இருவர் மனஸ்தாபப்பட்டால் என்ன செய்வார்கள்? தெருவில் பார்த்தால் கும்பிடு போட்டுக் கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகை கூட அனுப்பிக் கொள்வார்கள். ஆனால் கொல்லைப்புறத்து வேலியில் ஒரு படல் இருந்ததே, அதன் வழியாகக் கறிவேப்பிலையும் மோரும் போய் வந்து கொண்டிருந்தனவே, அந்தப் படலை மட்டும் இறுக்கிக் கட்டி விடுவார்கள். தில்லியும் கொழும்பும் தெரு வாசல். பாக் ஜலசந்தி கொல்லைப்புறம்.

வேறு தேசங்களில் இந்தச் சமாசாரம் நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1962-இல் சீனாவோடு போர் நடந்த பிறகு பல வருஷங்கள் பீகிங்கில் நமக்குத் தூதர் இல்லை; கீழ் நிலை அதிகாரிகளே காரியம் பார்த்தார்கள். 1976-இல்தான் கே. ஆர். நாராயணன் தூதராக அனுப்பப்பட்டார். பின்னாளில் நம் ஜனாதிபதியானாரே, அவரேதான். சிக்கிமில் இருக்கும் நாதுலா கணவாயில் வியாபாரிகள் மறுபடி நடமாட 2006 ஜூலை வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தூதர் போவதற்கு 14 வருஷம். மூட்டை போவதற்கு 44 வருஷம்! தெரு வாசலைத் திறப்பது சுலபம். கொல்லைப் படலின் முடிச்சை அவிழ்ப்பதுதான் கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இதெல்லாம் புதுக்கோட்டைக்காரருக்கு என்ன என்று நினைக்காதீர்கள். புதுக்கோட்டைக்குக் கடற்கரை உண்டா என்று வியப்போடு என்னிடம் கேட்டவர்கள் பலர். தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது என்பது வாஸ்தவம். ஆனால் 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. கூடவே கடலும் வந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாக ஊர்கள். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் பாக் ஜலசந்தி. அதன் அக்கரையில் யாழ்ப்பாணத்துத் தீவுகள்.

அந்தக் கரைக்குப் பின்னால் சற்று உள்ளே தள்ளி ஆவுடையார்கோயில் இருக்கிறது. திருப்பெருந்துறை என்பது அதன் பழைய பெயர். பாண்டியன் தன் மந்திரியிடம் பொன்னைக் கொடுத்து, கடற்கரையில் வந்து இறங்கியிருக்கும் குதிரைகளை வாங்கி வரச் சொன்னான் என்பதும், மந்திரி வழியில் குருவைக் கண்டு, குதிரைக்கான பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டு, மாணிக்கவாசகர் ஆனார் என்பதும் நீங்கள் சிறு வயதிலேயே கேட்ட கதை. நரி பரியான அற்புதத்தைப் பக்தர்கள் நினைத்துப் பரவசப்படுவார்கள். பத்திரிகைக்காரனுடைய புத்தி வேறு பக்கம் போகிறது. பிற தேசத்துக் குதிரை இந்தக் கரையில் இறங்குவது யாருக்கும் அதிசயமாகத் தோன்றாத ஒரு காலம் இருந்திருக்கிறது, பாருங்கள்!

இன்னும் பழைய சான்று ஒன்று இருக்கிறது. ஆலங்குடிப் பக்கத்தில் கறுக்காக்குறிச்சி என்று ஒரு கிராமம். அங்கே 1898-இல் ரோமானியத் தங்கக் காசுகள் 501 கிடைத்தன. அவற்றில் மிகப் பலவற்றில் ரோமச் சக்கரவர்த்தியின் தலை மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பலவிதமாகக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தச் சக்கரவர்த்தியிடம் நம்மவர்களுக்குப் பெரிய பிரேமை ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. அவன் முகத்தை வெட்டினார்கள். தங்கத்தை வைத்துக் கொண்டார்கள். மிளகையும் துணியையும் தமிழ் நாட்டுத் துறைகளிலிருந்து கப்பலில் ஏற்றினார்கள். வியாபாரத்துக்கு அன்பு கட்டாயம் வேண்டும் என்பதில்லை. துறை திறந்திருக்க வேண்டும். எடை சரியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு, விராச்சிலை முதலிய ஊர்களிலே மலை போல் நிற்கின்றனவே நகரத்தார் வீடுகள், அவற்றின் தேக்கு மரம் பர்மாவிலிருந்து வந்தது. அவற்றைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு கொழும்பிலே செட்டியார் தெருவில் சம்பாதித்தது. நகரத்தார் போன அதே கடல் வழியாக, கையில் ஒன்றும் இல்லாத ஏழைகளும் போனார்கள். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஏழை ஜனங்கள் மண்டபம் முகாமில் தங்கி, மருந்து அடிக்கப்பட்டு, கப்பலேறி, கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பிறகு 1948-இல் இலங்கை தன் பிரஜா உரிமைச் சட்டத்தை இயற்றியபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாதவர்களாகி விட்டார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து, 9,75,000 பேரை எப்படிப் பங்கு போடுவது என்று கணக்குப் பார்த்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிற்பாடு பார்த்துக் கொள்வது என்று முடிவாயிற்று. நிலத்தைப் பங்கு போடுவது போல மனிதரைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. இரண்டு தேசங்களும் சிநேகமாக இருந்தபோதே இப்படி நடந்தது என்பதையும் மறந்து விடக் கூடாது.

'கள்ளத்தோணி' என்ற வார்த்தையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கையில் இந்தியத் தமிழர்களை ஏசுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தோணி என்னவோ ஆதி காலம் முதல் இருந்து வந்ததுதான். பாஸ்போர்ட்டும் விசாவும் வந்த பிறகே அதற்குக் 'கள்ள' என்ற அடைமொழி கிடைத்தது. அதே கடல், அதே காற்று, அதே மனிதன்! நேற்று வரை வியாபாரி, இன்று குற்றவாளி. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் போட்டு ஒரு வாசலை மூடுகிறவர்கள் வேறொரு வாசலையும் அடையாளம் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மஞ்சளே சாட்சி. சில வருஷங்களுக்கு முன் இலங்கை சர்க்கார் மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்தது. அங்கே மஞ்சள் விலை எகிறியது. உடனே நம் கரையோரத்தில் இரவு நேரங்களில் மூட்டை மூட்டையாக விரலி மஞ்சள் பிடிபட ஆரம்பித்தது. சமையலுக்குப் போடும் மஞ்சள் கடத்தல் சரக்காக மாறும் என்று எந்தப் பாட்டியாவது நினைத்திருப்பாளா?

கோட்டைப்பட்டினத்தில் படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு பெரியவரோடு வெகு நேரம் பேசிக் கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கடல் காற்றில் காய்ந்து கறுத்த முகம். இவருடைய தகப்பனாருக்குச் சொந்தமாகப் பாய்மரத் தோணி இருந்ததாம்.

"எங்க வாப்பா காலத்துல, தம்பி, அக்கரைன்னா வெளிநாடு இல்லே. அறந்தாங்கிச் சந்தைக்குப் போறாப்பல போய் வருவாங்க. காத்து தோதா இருந்து சாயங்காலம் பாய் விரிச்சா, விடியறப்போ நெடுந்தீவு தெரியும்."

"கஸ்டம்ஸ்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா, பாய்?" என்று கேட்டேன்.

"அவுங்களும் தூங்கணுமில்ல, தம்பி?" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் தம்முடைய காலத்தைப் பற்றிச் சொன்னார். இவர் வாலிபரானபோது தோணி போய் விசைப்படகு வந்து விட்டது. சரக்கு ஏற்றுவது போய் இறால் பிடிப்பது வந்தது. இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை. கடலின் அடித்தரையைத் துழாவி வரும் இழுவை மடியைப் போட்டால் ஓர் இரவில் கிடைப்பது, சாதாரண வலையில் ஒரு வாரத்துக்கும் கிடைக்காது. நம் பக்கத்துக் கடல் அடியோடு வழிக்கப்பட்டது. படகு கிழக்கே போயிற்று. இன்னும் கிழக்கே போயிற்று.

கிழக்கே ஒரு கோடு இருக்கிறது. கடல் மேல் வரைந்த கோடு. 1974-இல் பாக் ஜலசந்தியில் எல்லை வகுத்தார்கள். கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. 1976-இல் மற்றப் பகுதிகளுக்கும் எல்லை வகுத்தபோது, ஒரு தேசத்து மீனவர் மற்றத் தேசத்துக் கடலில் மீன் பிடிக்கலாகாது என்று கடிதம் எழுதிக் கொண்டார்கள். போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்து மீனவர்களைக் கடலுக்குப் போக விடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே அங்கே நம் படகுகள் இழுத்தது அவர்கள் கண்ணில் படவில்லை. போர் முடிந்து அவர்கள் தங்கள் சிறு படகுகளோடும் நைலான் வலைகளோடும் கடலில் இறங்கியபோது, இரவிலே நம் இழுவை மடி வந்து அந்த வலைகளை அறுத்துக் கொண்டு போயிற்று. இழுவை மடியை இலங்கை தன் நாட்டவருக்கே 2017-இல் சட்டப்படி தடை செய்து விட்டது.

இதைச் சொல்ல நம்மில் பலர் தயங்குகிறோம். செய்தி எப்போதும் ஒரே விதமாக வருகிறது: 'ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் கைது.' பிடித்தது இலங்கைக் கடற்படை. அது உண்மை. சிறை, பறிமுதல், கண்ணீர் எல்லாம் உண்மை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. தப்பி ஓடும்போது மோதியது என்றது கடற்படை. வேண்டுமென்றே மோதினார்கள் என்றார்கள் மீனவர்கள். படகிலிருந்த நால்வரும் பிணமாகத்தான் திரும்பினார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்து வந்த இலங்கை அகதி! எந்தத் தேசத்திலிருந்து உயிர் தப்பி ஓடி வந்தாரோ அந்தத் தேசத்துக் கடலிலேயே, இந்த தேசத்துப் படகில் இருந்தபடி உயிரை விட்டார். இந்த ஒரு சாவில் பாக் ஜலசந்தியின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கைதாகிறவர்களை ஊர்காவற்றுறைக் கோர்ட்டு போன்ற இடங்களில் நிறுத்துகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தமிழ் பேசுகிறார். அவருக்காக வாதாடுகிறவர் தமிழ் பேசுகிறார். அறுந்த வலையோடு வெளியே நிற்கிறாரே, அவரும் தமிழ்தான் பேசுகிறார். பாஷை ஒன்றாக இருந்தால் சண்டை வராது என்று யார் சொன்னது?

சரி, படலை அவிழ்க்கும் முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது. 1998 டிசம்பரில் இரு தேசங்களும் சுதந்திர வியாபார ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. அதன் நுணுக்கங்களைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். இலங்கைத் தேயிலை வருஷத்துக்கு 1 கோடியே 50 லட்சம் கிலோ வரையில் சலுகை வரியில் வரலாம், அதற்கு மேல் கூடாது என்று அளந்து வைத்தார்கள். நீலகிரித் தோட்டக்காரரின் பயம் அது. நம் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயிலை இலங்கையில் இறக்கி, அங்கே வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வந்து குவித்தார்கள். தில்லியிலே விழித்துக் கொண்டு அதற்கும் அளவு வைத்தார்கள். ஆக, பெரிய வியாபாரிகளுக்கு வழி திறந்தது. சிறிய மனிதனுக்கு?

2010-இல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் ஏற்பட்டது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் நின்று விட்டது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் பறந்தது. கொரோனா வந்து நிறுத்தி, 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. அதே 2022-இல் இலங்கையிலே அரிசியும் மருந்தும் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தபோது, தமிழ் நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. ஆகவே நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை. 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டபோது பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. வழக்கமான கட்டணம் 7,670 ரூபாய். ஒரு வாரத்துக்குள் கப்பல் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பல் வந்தது. அதுவும் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிற்பதும் பிறகு ஓடுவதுமாக இருந்திருக்கிறது.

தலைவர்கள் கட்டித் தழுவிக் கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்று நினைப்பவர்கள் ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் இருபது வருஷம் முகம் பார்க்காமல் இருந்தன. 2018 ஜூலையில் தலைவர்கள் தழுவிக் கொண்டார்கள். அறுந்து கிடந்த டெலிபோன் கம்பி உயிர் பெற்றதும், ஜனங்கள் அக்கரையில் ஏதாவது ஓர் எண்ணைச் சுழற்றி, முன்பின் தெரியாதவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டார்களாம்! செப்டம்பரில் எல்லையைத் திறந்தார்கள். வண்டி வண்டியாகச் சரக்குப் போயிற்று. ஆனால் வரி என்ன, எந்த நாணயத்துக்கு எவ்வளவு, யார் எந்தச் சீட்டோடு போகலாம் என்று எழுதி வைக்கவில்லை. டிசம்பர் முடிவதற்குள் முக்கியமான எல்லை வாசல் மூடி விட்டது. மனசு திறந்திருந்தும் சீட்டு இல்லாததால் வாசல் மூடியது. நமக்கோ சீட்டெல்லாம் இருக்கிறது, ஏழைக்கு எட்டவில்லை.

கோட்டைப்பட்டினத்துப் பெரியவரிடம் கப்பலைப் பற்றிக் கேட்டேன். "போயிட்டு வந்துட்டேனே!" என்றார் அவர். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பினானாம். பாஸ்போர்ட் எடுத்து, விசாவும் வாங்கி, நாகப்பட்டினத்தில் கப்பலேறினாராம். ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை.

"அந்தக் கடல்ல எத்தனையோ ராத்திரி திரிஞ்சிருக்கேன், தம்பி. அந்தக் கரையைப் பகல்ல பார்த்தது அன்னிக்குத்தான். பக்கத்துல மயிலிட்டித் துறைக்குப் போனேன். நம்ம ஊர்ப் படகுங்க அங்கே நிக்குது. பிடிச்சு வச்சது. மரமெல்லாம் உளுத்துப் போச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன். ஒருத்தர் வலை பொத்திக்கிட்டு இருந்தார். எந்த ஊர்னு கேட்டார். கோட்டைப்பட்டினம்னேன். கொஞ்ச நேரம் பேசலே. அப்புறம் வலையைத் தூக்கிக் காட்டி, 'உங்கட ஆக்கள்தான் இதை ரெண்டு தரம் அறுத்தவை' ன்னார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள், பாய்?"

"என்னத்தைச் சொல்றது? நானும் இருபது வருஷம் மடி இழுத்தவன். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் உள்ளே திரும்பி, 'ஐயாவுக்குத் தேத்தண்ணி போடு' ன்னு குரல் கொடுத்தார்."

நேயர்களே, அந்தத் தேத்தண்ணீர் எந்த ஒப்பந்தத்தின் எந்த ஷரத்திலும் இல்லை. ஆனால் ஷரத்துப்படி ஒருவருக்கு ஒரு டிக்கெட் விற்கப்பட்டதால்தான் அது அவருக்குக் கிடைத்தது. இருட்டிலே எல்லை தாண்டிப் போயிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது விலங்கு. இரண்டு தேசங்களின் உறவு புதுப்பிக்கப்பட்டதா என்பதைக் கையெழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். சாதாரண மனிதன் பகல் வேளையில், சட்டப்படி, தன் சக்திக்கு ஏற்ற செலவில் போய் வர முடிகிறதா என்று பாருங்கள். அந்த வழி இல்லாத வரையில் இருட்டு வழி இருந்து கொண்டேதான் இருக்கும்.

இது ஆகாத காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் ஜனங்கள் போகிறார்கள். யாத்திரிகர்களுக்கு விசா வேண்டாம் என்று 1974 ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. வருஷத்தில் ஒரு திருவிழாவுக்குச் சாத்தியமானதை, கப்பல் கட்டணத்தைக் குறைத்து, ஏழை எளியவர் சிறு மூட்டையோடு போய் வர வழி செய்து, வருஷம் முழுவதும் ஏன் சாத்தியமாக்கக் கூடாது?

மீன் விஷயமும் அப்படியே. நம்முடைய கரையிலேயே விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் ஒரு காலத்தில் வலை அறுந்து அடித்துக் கொண்டவர்கள்தான். பிறகு என்ன செய்தார்கள்? வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலை நாள் கணக்கில் பகிர்ந்து கொண்டார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலமென்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்கே போவதில்லை. இந்த ஏற்பாடு செய்து கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அக்கரை மீனவரோடு உட்கார்ந்து பேசத் தெரியாதா? 2014 ஜனவரியில் சென்னையில் இரு கரை மீனவர் பிரதிநிதிகளும் சந்தித்துப் பேசினார்கள். இழுவை மடியை விட்டு விட அவகாசம் வேண்டும் என்று நம்மவர் கேட்பதும், இன்னும் எத்தனை காலம் பொறுப்பது என்று அவர்கள் கேட்பதுமாகத் தர்க்கம் நீள்கிறது. ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளுக்கு மாறுவதற்கென்று 2017-இல் ஒரு திட்டம் வந்தது. 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாக இருந்தது, வேகந்தான் போதவில்லை. படகை விடச் சொல்லும் சர்க்கார், படகின் கடனை யார் கட்டுவது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அக்கரையில் வலை இழந்தவனுக்கும் ஒரு பதில் வேண்டும். இரண்டு பதிலும் சேர்ந்து வந்தால்தான் கைதுச் செய்தி குறையும்.

நாம் செய்யக் கூடியது சிறியது. 'மீனவர் கைது' என்று அடுத்த தடவை பத்திரிகையில் படிக்கும்போது, பிடிபட்டவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று நினைப்போம். அதோடு, அக்கரையில் எவர் வீட்டு வலை அறுந்தது என்றும் நினைப்போம். இரண்டையும் ஒன்றாக நினைக்கப் பழகினால், சர்க்கார்களும் ஒரு நாள் பழகிக் கொள்வார்கள்.

நான் விடை பெற்றுக் கொண்டு எழுந்தபோது பெரியவர் கையைப் பிடித்துக் கொண்டார்.

"நீங்க பத்திரிகைக்காரர்தானே, தம்பி? அடுத்த தடவை வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு இருக்கேன். டிக்கெட்டை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி எழுதுங்களேன்" என்றார்.

எழுதி விட்டேன், பாய்.